பேர்சிவல் பாதிரியார்: வந்த வேலையும் நிலைத்த வேலையும்



ஆலையடிவேம்பிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் இறங்குகிற நம்மவர்கள், புளியந்தீவில் வாவிக்கரையோரம் நிற்கும் ஒரு வெள்ளைக்காரரின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் அவர். 1814ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கடல்வழியாக இலங்கைக்கு வந்த ஒரு சிறு குழுவில் அவரும் ஒருவர். வரும் வழியிலேயே கப்பலில் மனைவியைப் பறிகொடுத்தார். குழுவின் தலைவர் தோமஸ் கோக் என்பவரும் இலங்கையைக் காணாமலே கடலில் இறந்துபோனார். எஞ்சியோர் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தபோது ஓல்டுக்குக் கிடைத்தது மட்டக்களப்பு. தன்னந்தனியாக வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரலில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். நம் மண்ணில் அவர் வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கிறவன். பாதிரிமாரைப் பற்றி இவருக்கென்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். ஊர்விட்டு ஊர் வந்து, பிறர் மொழியில் நாவைத் திருப்பி, அந்த மொழியிலேயே ஆயுளைக் கழித்த ஒரு மனிதரின் கதை எந்தச் சமயத்தாருக்கும் கேட்கத் தக்கது என்பது என் எண்ணம். ஓல்டின் கதை சுருக்கமானது. ஆண்டவன் அவருக்குக் காலம் கொடுக்கவில்லை. அவர் சேர்ந்திருந்த அதே மெதடிஸ்த சபை பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அனுப்பிய இன்னொருவருக்குக் காலம் தாராளமாகக் கிடைத்தது. அவர்தான் பீற்றர் பேர்சிவல். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

பேர்சிவல் 1803இல் பிறந்தவர். 1826இல் இலங்கை வந்தபோது வயது இருபத்துமூன்று. இடையில் சில ஆண்டுகள் கல்கத்தாவில் வேலை செய்துவிட்டு மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். அங்கே ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் தொடங்கியிருந்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்று வளர்த்தார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அந்தப் பள்ளிக்கூடத்தின் தொடர்ச்சியே. அங்கு படிக்க வந்த பிள்ளைகளுள் ஒருவர் நல்லூர்க் கந்தரின் மகன் ஆறுமுகம். பின்னாளில் நாம் ஆறுமுக நாவலர் என்று கைகூப்பி வணங்கும் அதே ஆறுமுகம்தான்.

நாவலர் 1822இல் பிறந்தவர். பேர்சிவலுக்கு அவரிலும் பத்தொன்பது வயது அதிகம். படித்து முடித்த பிள்ளையை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியராக்கினார் பாதிரியார். பின்னர் தம்முடைய தமிழ்ப் பண்டிதராகவும் வைத்துக்கொண்டார். நெற்றியில் திருநீறு துலங்க நாவலர் மிஷன் வளவுக்குள் போய்வந்தார். அதைத் தடுக்காதிருந்தவர் பாதிரியார். அக்காலத்து யாழ்ப்பாணத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பும் உத்தியோகமும் பெற, பெயரை மாற்றுவதும் சமயத்தை மாற்றுவதும் வழக்கமாயிருந்த காலம் அது.

இருவரும் சேர்ந்து இருந்து செய்த வேலை விவிலிய மொழிபெயர்ப்பு. வேதாகமத்தைத் தமிழாக்கும் முயற்சி அதற்கு நூறாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அதன்பின் பப்ரீசியுஸ் ஒன்று செய்தார். பாளையங்கோட்டையில் ரேனியுஸ் ஒன்று செய்தார். ஆளுக்கொரு நடை, ஆளுக்கொரு சொல். கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதிலேயே ஒற்றுமையில்லை. சீகன்பால்குவுக்குச் சருவேசுரன், பப்ரீசியுஸுக்குப் பராபரன், பின்வந்தோருக்குத் தேவன். கேட்கிறவனுக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வாசனை தரும். இதைச் சைவப் பின்னணியில் பிறந்த ஒருவர்தான் தெளிவாகச் சொல்லக்கூடும். ஆகவே பேர்சிவலுக்கு நாவலர் தேவைப்பட்டார்.

பல மிஷன்களையும் சேர்ந்த குழு ஒன்று இந்த வேலையை மேற்பார்வை செய்தது. முதன்மையான பொறுப்பு பேர்சிவலிடம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை. ஒருவர் மூலத்தை விளக்குகிறார். மற்றவர் தமிழைச் சொல்கிறார். ஒருவருக்கு அது இறைவாக்கு. மற்றவருக்கு அது பிற சமயத்து நூல். ஆனாலும் ஒரு வாக்கியம் செம்மையாக அமையவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே அக்கறை. நான் வகுப்பில் நாவலரின் உரைநடையைப் படிப்பிக்கும்போதெல்லாம் இந்தக் காட்சி என் மனதில் வரும். அளவான வாக்கியம், இடமறிந்து நிறுத்தக்குறி, மயக்கமில்லாத பொருள் என்று நாவலரிடம் நாம் வியக்கிற பண்புகளுக்கு அந்த மேசையும் ஒரு பயிற்சிக்களமாக இருந்திருக்கவேண்டும்.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் அதைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ் எப்படியோ என்று அங்கிருந்தோர் ஐயுற்றார்கள் என்றும், மழவை மகாலிங்கையரிடம் காட்டியபோது அவர் நடையை மெச்சி, இதை அப்படியே அச்சிடலாம் என்று சொன்னார் என்றும் நாவலர் சரித்திரம் கூறுகிறது. இந்தக் கதையை நாமெல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பாடப்புத்தகம் அத்தோடு முடித்துவிடும். அதற்குப் பிறகு அந்த மொழிபெயர்ப்புக்கு என்ன நடந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

நடந்தது இதுதான். 1850இல் அது அச்சாகி வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களும் அங்கிருந்த மிஷனரிமாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பப்ரீசியுஸின் தமிழ் அவர்கள் காதில் ஊறியிருந்தது. பாட்டன் ஜெபித்த சொல்லைப் பேரன் விடமாட்டான் அல்லவா? பண்டிதர் மெச்சிய நடையைச் சபை மெச்சவில்லை. கடைசியில் ஹென்றி பவர் என்பவர் தலைமையில் வேறொரு குழு அமைந்து புதிதாக ஒரு திருத்தம் செய்தது. அது 1871இல் முழுமையாக வெளிவந்து, பெரும்பாலான புரட்டஸ்தாந்து சபைகளில் நிலைத்துவிட்டது. பேர்சிவல் தம் வாலிபத்தின் சிறந்த ஆண்டுகளைக் கொடுத்துச் செய்த நூல் பழைய நூலகங்களில் மட்டும் மிஞ்சியது.

அவர் இழந்தது அது ஒன்றை மட்டுமா? நாவலரையும் இழந்தார். 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மறு வருடம் மிஷன் வேலையை விட்டார். சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். போகவேண்டாம் என்று பாதிரியார் வேண்டிக்கொண்டதாகச் சரித்திரம் எழுதியோர் சொல்வர். பாதிரியாரின் மேசையில் இருந்து பெற்ற விவிலிய அறிவைக் கொண்டே, சைவத்தைப் பழித்த மிஷனரிமாருக்கு மறுப்பாகச் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை 1854இல் நாவலர் எழுதினார். வளர்த்த கைக்கு எதிராகவே வாதம் வந்தது.

இந்த இடத்தில் ஓர் இந்துக் கல்லூரி ஆசிரியனாக நான் மறைக்காமல் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பேர்சிவலின் பள்ளிக்கூடத்தில் 1847இல் நளவர் குலத்துப் பிள்ளை ஒருவனைச் சேர்த்தபோது, உயர்சாதிப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனார்கள் என்று அக்கால வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். சைவப் பள்ளிக்கூடங்கள் தோன்றியதற்கு மதமாற்றத்தின் மீதிருந்த நியாயமான அச்சம் ஒரு காரணம். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருக்க மறுத்த மனமும் அதே காலத்தில், அதே ஊரில், அதே குடும்பங்களில் இருந்தது. நாவலரின் பிறந்தநாளில் மேடையேறும் நாங்கள் முதற் காரணத்தைச் சொல்லுவோம், இரண்டாவதை விழுங்கிவிடுவோம். நாவலரின் தமிழுக்குத் தலை வணங்குகிறவன் நான். வாங்கில் தனியே இருந்த அந்தப் பிள்ளையையும் நினைத்துக்கொண்டுதான் வணங்குகிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பேர்சிவல் நமது சமயத்தைப் பற்றி எழுதியவை எல்லாம் நமக்கு உவப்பானவை அல்ல. அவர் ஊழியம் செய்ய வந்தவர். சைவரைக் கிறிஸ்தவராக்க வந்தவர். அதை அவர் ஒளித்ததில்லை. நாவலர் அவரோடு முரண்பட்டதும் ஒளிவுமறைவின்றியே. நம்மிடையே இன்று நடக்கும் சில சமயப் பிணக்குகளைப் பார்க்கும்போது, அந்த இருவரின் நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

யாழ்ப்பாணத்தை விட்ட பேர்சிவல் இங்கிலாந்து போனார். அங்கே தம்மை அனுப்பிய மெதடிஸ்த சபையையும் விட்டு அங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். மீண்டும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1855இல் தினவர்த்தமானி என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதை நடத்த அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்துக்கொண்டவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானவர் அவர். பின்னாளில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துத் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவரே. பேர்சிவல் சென்னை இராசதானிக் கல்லூரியில் பேராசிரியரானார். தமிழ், ஆங்கில அகராதிகளைத் தொகுத்தார். 1882இல் ஏற்காட்டு மலையில் இறந்தார். இருபத்துமூன்று வயதில் புறப்பட்டு வந்தவர், எழுபத்தெட்டாவது வயதில் தமிழ் பேசும் மண்ணிலேயே அடங்கினார்.

நேயர்களே, இந்த வாழ்க்கையைக் கணக்குப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? அனுப்பிய சபையில் அவர் நிலைக்கவில்லை. மொழிபெயர்த்த வேதாகமம் சபையேறவில்லை. அன்போடு வளர்த்த மாணாக்கர் எதிரணியின் தலைவரானார். வந்த வேலையில் மிஞ்சியது சொற்பம் என்றுதான் அவருடைய சபைக்காரர் ஒருவர் சொல்லியிருப்பார்.

ஆனால் வந்த வேலையின் பக்கத்தில் அவர் இன்னொரு வேலை செய்துகொண்டே இருந்தார். தமிழ் கற்றுக்கொண்ட காலந்தொட்டு, சனங்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லும் பழமொழிகளைக் குறித்து வைத்தார். ஆங்கிலம் பேசுகிறவனுக்கு இது விளங்குமா என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். யாழ்ப்பாணத்தில் 1840களின் தொடக்கத்திலேயே திருட்டாந்த சங்கிரகம் என்ற பெயரில் ஒரு தொகுதி வெளியிட்டார். அத்தோடு விட்டாரில்லை. சேர்த்துக்கொண்டே போனார். 1874இல் சென்னையில் தினவர்த்தமானி அச்சகத்தில் பதிப்பித்த தொகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. வேதாகமத்தைத் தந்தும் பெறமுடியாத இடத்தை, நம்மிடமிருந்து எடுத்து நமக்கே திருப்பித் தந்த இந்தப் பழமொழிகள் அவருக்குத் தந்தன. தமிழ்ப் பழமொழிகளை ஆராய வருகிறவர்கள் இன்றும் அவருடைய தொகுதியின் வாசலில்தான் நுழைகிறார்கள்.

அந்தத் தொகுதியில் குறைகள் இல்லாமல் இல்லை. அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார். எந்த ஊரில், யார் வாயில், எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தது என்ற விபரம் கிடையாது. சில இடங்களில் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியதால் நையாண்டி உதிர்ந்து எலும்பு மட்டும் தெரிகிறது. நமது கிழக்குக் கரையின் வட்டைகளிலும் வாவிக்கரைகளிலும் புழங்கிய பேச்சு அவர் காதுக்கு எவ்வளவு எட்டியிருக்கும்? பெரிதாக எட்டியிராது. அந்தக் குறையை அவர்மேல் சுமத்த எனக்கு வாய் வராது. ஏன் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

என் பெத்தா திருக்கோவில் பக்கத்துக் கரையோரத்தில் வாழ்ந்தவ. பழமொழி இல்லாமல் அவவுக்கு ஒரு பேச்சும் வராது. சூடு மிதிக்கிற இடத்திலும் பழமொழி, கறிச்சட்டி கழுவுகிற இடத்திலும் பழமொழி. 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது அவவை நாங்கள் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழரும் முஸ்லிம்களுமாகச் சனம் நிறைந்திருந்தது. இரண்டு நாள் சோறு சமைத்ததும் பகிர்ந்ததும் ஒன்றாகத்தான். நான் அப்போது படிப்பை முடித்த இளந்தாரி. கையில் பட்டியலோடு, பெயர் எழுதவும் பால்மா பகிரவும் ஓடிக்கொண்டிருந்தேன். பெத்தா என்னைக் கூப்பிட்டு, "மனே, வெள்ளம் வந்தா வரம்பு தெரியாது..." என்று தொடங்கினா. "பிறகு கேக்கன் பெத்தா" என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன்.

பிறகு கேட்கவில்லை. அடுத்த வருடம் அவ போய்ச் சேர்ந்தா. பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் படித்தவன் நான். பழமொழியின் இலக்கணத்தைப் பத்துப் பக்கத்தில் எழுதிச் சித்தியடைந்தவன். சொந்த வீட்டில் அறுபது எழுபது வருடமாகப் பழமொழி சொன்ன மனுசியின் வாயிலிருந்து ஒன்றைக்கூட எழுதி வைக்கவில்லை. கப்பலேறி வந்த அந்நியர் ஒருவர் ஆறாயிரத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். பேர்சிவலின் தொகுதி என் கைக்கு வந்த அன்று, பெத்தாவின் பழமொழியைத்தான் முதலில் தேடினேன். 'வெ' வரிசை முழுவதும் விரலை வைத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு அவரா பொறுப்பு?

சில வருடங்களின் பின் அக்கரைப்பற்றில் ஒரு பயிற்சிப் பட்டறையில், பக்கத்தில் இருந்த முஸ்லிம் ஆசிரிய நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்கட உம்மம்மாவும் இதச் சொல்லுவா சேர். வெள்ளம் வந்தா வரம்பு தெரியாது, வடிஞ்சா வரம்புக்காரன் வருவான்." வயல் செய்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் நிற்கும்வரை எல்லாம் ஒரே வட்டை. வடிந்ததும் எல்லைச் சண்டை. அந்த மண்டபத்தில் இருந்த இரண்டு நாளும் அதன்பின் வந்த நாட்களும் எனக்கு ஒருசேர நினைவுக்கு வந்தன. பெத்தா சொல்ல வந்ததும் இதுதானா, அல்லது அவவிடம் வேறொரு முடிவு இருந்ததா? இனி எவரிடமும் கேட்க வழியில்லை. நண்பரின் உம்மம்மாவின் முடிவை ஒரு கொப்பியில் எழுதி, பெத்தாவின் பெயரையும் அந்தத் தாயின் ஊரையும் பக்கத்தில் குறித்தேன். அதுதான் என் கொப்பியின் முதல் வரி.

அந்தக் கொப்பியை இப்போது என் மாணவர்கள் நிரப்புகிறார்கள். பழமொழி, சொன்னவர் பெயர், ஊர், எப்போது சொன்னார் என்ற நான்கு நிரல்கள். கடைசி மூன்றும் பேர்சிவல் விட்டுப்போனவை. கோளாவிலிலிருந்தும் பனங்காட்டிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். ஒரு மாணவி கொண்டுவந்தவற்றில் பாதி, அவளுடைய தாய்க்கு மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி சொன்னவை. இன்னும் முந்நூறைத் தாண்டவில்லை. ஆறாயிரத்துக்கு வெகுதூரம்.

நமது காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளும் கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர்தான். பின்னர் நம் பிள்ளைகளுக்கு இந்துப் பாடசாலைகளை வளர்த்தவரும் அவரே. யார் வீட்டு விளக்கில் படித்தோம் என்பதை ஒப்புக்கொள்வதால் நம் வீட்டு விளக்கு அணைந்துவிடாது. பேர்சிவல் பாதிரியாரின் சமயத்தை நாம் ஏற்கவில்லை. அவருடைய வேதாகமத்தை அவருடைய சமயத்தாரே ஏற்கவில்லை. நம் பாட்டிமாரின் வாய்ச்சொல்லுக்குக் காது கொடுத்துப் பேனையை எடுத்தாரே, அந்தப் பழக்கத்தையாவது அவரிடமிருந்து ஏற்றுக்கொள்ளலாம்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால், வானொலியை நிறுத்தியதும் வீட்டில் உள்ள பெத்தாவிடமோ மூத்தம்மாவிடமோ போய் இருங்கள். அவ ஏதாவது சொல்லத் தொடங்கினால், பிறகு கேட்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.